கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தவன்

என் மகள் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போகப் போகிறாள் என்று ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எனக்குத் தெரிந்தது. வேறு யாரும் சொல்லவில்லை, அவள் வாயாலேயே சொன்னாள். ஆனால் என்னிடம் சொல்லவில்லை.

பேத்திக்கு மூன்று வயது. குருவி என்று கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்று சொல்வது ஒரு பழக்கம்தான், அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். பத்து நாள் ரோட்டில் இருப்பார், இரண்டு நாள் வீட்டில் இருப்பார். அதனால் நான் மகளோடு இருக்கிறேன்.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், பின்பக்கத்து மாடியறையில், வியாழன்தோறும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அம்மாக்களுக்கு மனநலப் பயிற்சி. எட்டு வாரம் நடக்கும் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், தாய்க்கு எதற்குப் பயிற்சி? கேட்டேன். "அப்பா, நீங்க குருவியப் பாத்துக்கிட்டு வெளிய உக்காருங்க, அது போதும்" என்றாள். மற்ற ஒன்பது அம்மாக்களில்... இல்லை, இவளோடு சேர்த்துத்தான் ஒன்பது. மற்ற எட்டுப் பேரின் பிள்ளைகளும் கீழே வகுப்பில் இருந்தார்கள். குருவிக்கு வகுப்பில் சேரும் வயது ஆகவில்லை. ஆகவே நானும் அவளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அந்த அறை முன்பு ஆபீசாக இருந்திருக்க வேண்டும். வராந்தாப் பக்கம் இடுப்புக்கு மேலே முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒன்பது நீல நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. பத்தாவது நாற்காலியில் பயிற்சி கொடுக்கிற பெண். முப்பது வயதுகூட இருக்காது. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் டிஷ்யூ பேப்பர் பெட்டி. அழுவதற்கு முன்னாலேயே துடைக்கப் பேப்பர் வாங்கி வைத்திருக்கிற இடத்தை எப்படி நம்புவது?

முதல் நாளே அந்தப் பெண் வெளியே வந்து என்னிடம் சொன்னாள். "ஐயா, இங்க ஒரே ஒரு விதிதான். உள்ள பேசறது உள்ளயே இருக்கணும். கதவ நல்லா சாத்திடுவேன், உங்களுக்குக் கேக்காது. தப்பா நெனச்சுக்காதீங்க."

"எனக்கு ஏற்கெனவே பாதி கேக்காதும்மா" என்றேன். அது உண்மை.

முழு உண்மையைச் சொல்லவில்லை. நான் முப்பத்தொரு வருஷம் துணி மில்லில் தறி ஃபிட்டராக இருந்தவன். ஒரே கூரையடியில் இருநூறு தறி ஓடும். அங்கே சத்தம் போட்டுப் பேசுகிறவன் புதுசாகச் சேர்ந்தவன் என்று அர்த்தம். நாங்கள் வாயசைவில் பேசுவோம். பத்துத் தறி தள்ளி நிற்கிறவன் என் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும், அவன் குடும்பத்தைப் பற்றி நான் சொல்வது அவனுக்குத் தெரியும். மீசையை அடர்த்தியாக விட்ட மேஸ்திரி ஒருவரிடம் எல்லோரும் சேர்ந்து போய், "ஐயா, மீசையக் கொஞ்சம் கத்திரிங்க, நீங்க திட்டறது புரியல" என்று கேட்டிருக்கிறோம். காது அங்கேயே போயிற்று, கண் மிச்சம்.

கண்ணாடிக்குப் பின்னால் பத்து வாய் அசையும்போது நான் எங்கே பார்ப்பேன்? ஒட்டுக் கேட்பது தப்பு என்று தெரியும். நான் கேட்கவில்லையே, பார்த்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் வாரம் மூச்சுப் பயிற்சி. இரண்டாம் வாரம் நாடகம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயோ பாவம், யாரு செஞ்ச பாவமோ" என்று உச்சுக்கொட்டுகிறவளுக்கு என்ன பதில் சொல்வது என்று பழக்கினார்கள். பருத்த உடம்புள்ள பேக்கரிக்கார அம்மாள் உச்சுக்கொட்டுகிறவளாக நடித்தாள். என் மகள் பதில் சொன்னாள். "இல்லீங்க, பாவம் செஞ்சவங்க பக்கத்து சீட்லதான் உக்காருவாங்களாம்." ஒன்பது பேரும் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். வெளியே நானும் சிரித்தேன். பரவாயில்லை, உருப்படியாகத்தான் ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம் குருவிக்கு வயிறு சரியில்லை. ஆரம்பத்திலேயே இரண்டு தடவை கீழே கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துணி மாற்றி, கழுவி, திரும்பி வந்து உட்கார்ந்தபோது பதினொன்றே கால். உள்ளே என் மகள் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்கார அம்மாள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரெண்டு தடவ பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டேன்" என்றாள் என் மகள். "பிள்ளைய பெஞ்சுல உக்கார வச்சுட்டு ஏறிப் போயிடலாம்னு. திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. பின்னாடியிருந்து அம்மான்னு கூப்பிட அதால முடியாதில்ல."

உதடு வாசிப்பதில் பிழை வரும். படமும் மடமும் வாயில் ஒரே மாதிரிதான் இருக்கும், முன்பின் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் அன்று பிழை இல்லை. ஒரு சொல் விடாமல் சரியாகத்தான் படித்தேன்.

மடியில் குருவி என் சட்டைப் பையில் கைவிட்டுச் சில்லறையைத் துழாவிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு மகள் வெளியே வந்து, "என்னப்பா முகம் ஒரு மாதிரி இருக்கு, காபி குடிக்கலையா?" என்று கேட்டாள். இவ்வளவையும் உள்ளே சொல்லிவிட்டு இவளால் எப்படிக் காபியைப் பற்றிக் கேட்க முடிகிறது என்று எனக்குப் பயம் இன்னும் கூடியது.

அந்த வாரம் நான் உட்காரவில்லை. அவள் மொட்டைமாடிக்குப் போனால் நானும் போனேன். பெரிய பயணப் பையைப் பரண்மேல் பழைய பாயில் சுற்றி ஒளித்தேன். காது மெஷினுக்கு பேட்டரி வாங்கக் குருவியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் செருப்பைப் போட்டேன். "என்னப்பா, வால் மாதிரி பின்னாலயே வர்றீங்க?" என்றாள். "நடந்தா மூட்டுக்கு நல்லது" என்றேன். மூன்று தெரு தாண்டினால் பஸ் நிற்கிற இடம். அங்கே ஒரு பஸ் நின்று கிளம்பும்வரை அவள் முந்தானையில் ஒரு கண், குருவி கையில் ஒரு கண். அவள் பஸ்ஸை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நான் பார்த்தது தெரிந்துவிடும். திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு போன் போட்டேன்.

"மாப்ள, சொல்லக் கூடாதுதான். ஆனா பிள்ளைக்கு ஏதாவது ஆனா அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"என்ன மாமா, புதிர் போடாதீங்க. வண்டி ஓட்டிட்டிருக்கேன்."

"ஓரங்கட்டு" என்றேன். ஓரங்கட்டிய பிறகு சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் வந்துவிட்டார். வந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. சமையலறை வாசலில் நின்று கேட்டார். "பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ரெண்டு தடவ போனியாமே?"

என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது குற்ற உணர்வு. வந்தது வேறு. அடி வாங்கியவள் போலப் பார்த்தாள்.

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? போனியா, இல்லையா?"

"அது என் வார்த்தை இல்ல."

"நீ சொன்னியா, சொல்லலையா?"

"சொன்னேன். ஆனா அது என் வார்த்தை இல்ல. அதுக்கு மேல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்." அப்புறம் தனக்குத்தானே மாதிரி, "அந்த ரூம்ல இருந்தவங்கள்ல யாரோ வெளிய சொல்லியிருக்காங்க. யாரு இப்படிப் பண்ணுவாங்க?" என்றாள்.

நான் கூடத்தில் குருவிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். குனிந்து அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தேன்.

"நாளைக்கு மத்தியானம் பிள்ளைய எங்க அக்கா வீட்ல கொண்டுபோய் விடப் போறேன்" என்றார் மாப்பிள்ளை. "உனக்கு மனசு சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம். அந்தப் பயிற்சிக்கும் இனிமே போக வேணாம். மனசக் கெடுக்கிற எடம்."

அவள் அழுவாள், கெஞ்சுவாள், விளக்கம் சொல்வாள் என்று பார்த்தேன். "அது என் வார்த்தை இல்ல" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிடிவாதம். பிள்ளையே கையை விட்டுப் போகும்போது வாயைத் திறக்காதவளை என்னவென்று சொல்வது? ஒன்று உண்மையிலேயே மனசு பேதலித்திருக்க வேண்டும், இல்லை, அந்த நீல நாற்காலிக்காரர்கள் ஏதோ செய்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை. அவள் வீட்டில் இருந்தாள். நான் தனியாகக் கிளம்பிப் போனேன், நாலு கேள்வி நறுக்கென்று கேட்க.

மாடி ஏறும்போதே மூச்சு வாங்கியது. கதவைத் தட்டாமல் திறந்தேன். எட்டுப் பேர் இருந்தார்கள், ஒரு நாற்காலி காலி. "எம்பொண்ண என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றேன். "நல்லா இருந்தவள இங்க கூட்டி வந்து, பிள்ளைய பஸ் ஸ்டாண்ட்ல விட்டுட்டுப் போறேன்னு பேச வச்சிருக்கீங்க. இன்னைக்கு மத்தியானம் பிள்ளையையே பிரிக்கப் போறாங்க, தெரியுமா?"

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை நல்ல பார்வை இல்லை. நீயா சொன்னாய், நீயா, என்கிற பார்வை. பயிற்சிப் பெண் என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்து கதவைச் சாத்தினாள்.

"ஐயா, இது உங்களுக்கு யார் சொன்னது? உங்க பொண்ணா?"

"இல்ல."

"அப்ப இங்க யாரோ ஒருத்தர். யாருன்னு தெரியாம இனிமே இந்தக் குழுவ நடத்த முடியாது, ஐயா. இவங்க யாரும் இனி வாயத் திறக்க மாட்டாங்க. இன்னைக்கே மூடிட வேண்டியதுதான்."

மூடட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கண்ணாடிக்குள் அந்த எட்டுப் பேரும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டு உட்காருவது தெரிந்தது. அவர்களில் தையல் வேலை செய்கிற ஒரு பெண் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"யாரும் சொல்லல" என்றேன். "நானே பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"வாய."

அவளுக்கு விளங்கவில்லை. மில்லைப் பற்றிச் சொன்னேன். நம்பாத முகத்தோடு உள்ளே போய், கண்ணாடிக்குப் பின்னால் நின்று எதையோ சொன்னாள். நான் குனிந்து சட்டையைப் பார்த்தேன். உண்மைதான், இரண்டாவது பட்டனை மூன்றாவது ஓட்டையில் போட்டிருந்தேன். கழற்றி மாற்றிப் போட்டேன். நிமிர்ந்தபோது அவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள். எட்டுப் பெண்களுக்கு முன்னால் நின்று சொன்னேன். முதல் வாரத்திலிருந்தே பார்த்தேன் என்றும், மகள் வீட்டில் "அது என் வார்த்தை இல்ல" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னேன்.

பேக்கரிக்கார அம்மாள் எழுந்து நின்றாள். "குளிக்கிற எடத்துல எட்டிப் பாக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், பெரியவரே?"

அவளே தொடர்ந்தாள்.

"என்னப் பத்தி என்னல்லாம் தெரியும், சொல்லுங்க பாப்போம்."

"உங்க மாமியார் தினமும் பிள்ள காதுகிட்ட பீங்கான் தட்டத் தட்டிப் பாக்கிறது தெரியும். ஒருநாள் அந்தத் தட்டப் பிடுங்கி எறிஞ்சீங்களே, அதுவும்."

"ஏன், எத்தன துண்டாச்சுன்னும் தெரியுமா?"

"மூணு."

தையல்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, கையால் வாயை மூடிக்கொண்டாள். மூடியது சிரிப்புக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. பேக்கரிக்கார அம்மாள் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது அது" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

பயிற்சிப் பெண் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். "இவர் பொண்ணு வீட்ல வாயத் திறக்காம இருக்காங்க. நம்ம விதியக் காப்பாத்தத்தான். அன்னைக்கு நாம என்ன பண்ணினோம்னு மட்டும் இவர்கிட்ட சொல்லலாமா? யாருக்காவது வேண்டாம்னா சொல்ல மாட்டேன்." ஒவ்வொரு தலையாக ஆடியது.

ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் காட்டினாள். "யார்கிட்டயும் சொல்ல முடியாதத ஒரு சீட்டுல எழுதி இதுல போடச் சொன்னேன். பேர் கிடையாது. எல்லாருக்கும் ஒரே பேனா. குலுக்கி ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். தன் சீட்டே தனக்கு வந்தா திருப்பிப் போட்டுடணும். எடுத்தத தன்னோடது மாதிரி, நான் நான்னு சொல்லணும். அடுத்தவ மனச ஒரு நிமிஷம் சுமக்கிறதுக்கு. உங்க பொண்ணு அன்னைக்குச் சுமந்தது வேற ஒருத்தரோடது, ஐயா."

குருவிக்கு வயிறு சரியில்லாமல் கீழே ஓடிய நேரத்தில் நடந்திருக்கிறது. டப்பாவை நான் பார்க்கவே இல்லை.

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இறங்கிய மறு நொடி இன்னொன்று ஏறியது. "அப்ப அது யாரோட..." என்று ஆரம்பித்தேன்.

"அதக் கேக்கக் கூடாது."

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். எட்டுப் பேரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். வாசலில் மாப்பிள்ளை குருவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார், தோளில் துணிப்பை. என் மகள் படியில் உட்கார்ந்து காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் வேலை செய்தது, முகம் செத்திருந்தது.

"மாப்ள, தப்பு எம்மேல. நான்தான் கண்ணாடி வழியாப் பாத்தேன். அது அவ சொல்லு இல்ல. அங்க ஒரு பயிற்சி, அடுத்தவங்க எழுதினத எடுத்துச் சொல்லணும். இப்பத்தான் விசாரிச்சிட்டு வர்றேன்."

"திங்கக்கிழமை போகப் போறான்னீங்க. இன்னைக்கு இல்லங்கறீங்க. எத மாமா நம்பறது?"

"என்ன நம்ப வேணாம். நம்பற மாதிரி நான் நடந்துக்கல. அவளப் பாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா பிள்ள அவகிட்டயே இருந்திருக்கும். யாரோ ஒருத்தி எழுதின சீட்டுக்காக அந்த ஒரு வார்த்தையச் சொல்லாம, பேட்டரி போட்டுட்டு உக்காந்திருக்கா. அடுத்தவளையே விட்டுக்கொடுக்காதவ பெத்ததையா விட்டுட்டுப் போவா?"

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. குருவி எட்டி அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். "வலிக்குதுடி" என்று சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையை வாங்கினாள். வாங்கியதும் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை துணிப்பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர், என்னைப் போலவே.

மகள் என்னிடம் சாயங்காலம்தான் பேசினாள். "அங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க."

"பத்தாது" என்றாள். அப்புறம், "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா" என்றாள். அன்றிலிருந்து போனில் பேசும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசுகிறாள்.

அம்மாக்கள் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை அல்ல. கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறார்களாம். நான் மாடி ஏறக் கூடாது. பள்ளிக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறது, நானும் குருவியும் அங்கே.

அடுத்த வியாழன் அங்கே இருந்த இரண்டு மணி நேரமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். "பெரியவரே, பெஞ்சு தேயுது" என்றார் கடைக்காரர். அந்தச் சீட்டு யாரோ எழுதியதுதானே? என் மகள் இல்லை என்றால் அந்த எட்டில் ஒருத்தி. அவள் இரண்டு தடவை போயிருக்கிறாள். மூன்றாவது தடவை போகிறவளை உட்கார வைத்துப் பேசக்கூடியது அந்த அறை ஒன்றுதான். அதற்குள் மூக்கை நுழைத்தவன் நான். இந்த வாரம் அவள் வரவில்லை என்றால்?

பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசல் கதவு திறந்தது. எண்ண ஆரம்பித்தேன். பேக்கரிக்கார அம்மாள், கையில் அவள் பையன். தையல்காரப் பெண், மகளோடு. ஒல்லியாக இரண்டு பேர், மூன்று பிள்ளைகள், ஒருத்திக்கு இரட்டை. ஐந்து, ஆறு. லாரி ஒன்று குறுக்கே வந்து நின்றது. எழுந்து அந்தப் பக்கம் போவதற்குள் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எட்டு வரவில்லை. ஏழுதான் வந்தது, மறுபடி எண்ணினால் ஆறு.

என் மகள் ரோட்டைத் தாண்டி வந்தாள். என் விரல்கள் மடங்கியிருந்ததைப் பார்த்தாள். குருவியைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தாள். நின்றாள்.

"எல்லாரும் வந்தாங்கப்பா" என்றாள், திரும்பாமல்.

"அடுத்த வாரமும் சொல்லுவியா?"

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். "நடங்க, வெயில் ஏறுது."